பர்மா உளுந்து

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் எங்கள் கரிசல் உளுந்தை அடித்துப் புடைத்து, மூட்டையோடு கோவில்பட்டி கமிஷன் கடைக்குப் போனேன். முதலாளி ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு ஆச்சி. ஆனா பர்மா உளுந்து கப்பல்ல வந்து எறங்கிருக்கு. வரியும் கிடையாதாம். வெல விழுந்துபோச்சு."

அவர் சொன்ன விலை அறுப்புக் கூலிக்கே காணாது.

பர்மாக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. அங்கேயும் நம்மைப் போலக் குனிந்து அறுக்கிறவர்கள்தானே. ஆனால் மற்ற மாதமெல்லாம் விட்டுவிட்டு, நாங்கள் களத்தில் நிற்கும்போதா கப்பலை விடுவது? மழையை நம்பி விதைக்கிறவர்களை அரசாங்கம் நினைத்துப் பார்க்காதா?

மூட்டையை மறுபடி கட்டும்போது முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு படி போட்டுட்டுப் போங்க. பர்மா உளுந்துல மாவு பொங்க மாட்டேங்கு."

கடைகளில் வாய் திறக்கவே கூசுகிற எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் விக்கிற உளுந்தையே நீங்களும் ஆட்டித் தின்னுங்க, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, மூட்டையை எட்டயபுரம் பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன்.

இன்னும் விற்கவில்லை, வண்டு விழுந்துவிடுமோ என்று பயமாயிருக்கிறது. வரியில்லை என்பது கடையில் கேட்டதுதான். விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.