நாற்பது முயல் வால்கள்

என் மனைவி அறிவியல் டீச்சர், நான் தையல்காரன். பதினோரு வருஷமாக அவள் தற்காலிக டீச்சர்தான். வருஷா வருஷம் விடுமுறை முடிந்ததும் வேலை இருக்குமா, போய்விடுமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்போம். இந்த முறை கல்வி அதிகாரி அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க வருகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் நிரந்தரம் என்றார்கள்.

வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தை உருப்போட்டிருப்பார்கள். இவள் என்னிடம் வந்து, "என்னங்க, நாப்பது முயல் வால் தைச்சுத் தாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"பசங்க நரி, முயல், புல்லுன்னு பிரிஞ்சு நிப்பாங்க. நரி வந்து முயலோட வாலைப் புடுங்கினா அந்த முயலும் நரியாயிடும். முயல் தொட்ட புல் முயலாயிடும். பட்டினி கிடந்தது எதுவா இருந்தாலும் செத்துப் புல்லாயிடும். சுத்துக்குச் சுத்து எண்ணி, பலகையில கோடு போடுவோம். முயல் கோடு ஏறும், பின்னாலயே நரி கோடு ஏறும், அப்புறம் ரெண்டும் இறங்கும்."

"அதிகாரி முன்னாடி வாலைச் செருகிக்கிட்டு ஓடுவாங்களா? உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும். அதுக்குத்தான் வால்."

இவளிடம் வாயைக் கொடுத்து நான் என்றைக்கு ஜெயித்தேன்? வெட்டித் தள்ளிய வெள்ளைத் துண்டுகளில் முப்பது தைத்துக் கொடுத்தேன். மீதிப் பத்தை அதிகாரி வந்த அன்று காலை பள்ளிக்குக் கொண்டுபோன சாக்கில் மைதானத்து ஓரத்திலேயே நின்றுவிட்டேன்.

எட்டு நரி, பத்து முயல், இருபத்திரண்டு புல். விசில் ஊதினாள். ஒரு நரியும் அசையவில்லை. எட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. விஷயம் இதுதான்: அதிகாரி இருக்கும்போது யாரும் யார் மேலும் பாயக்கூடாது என்று தலைமையாசிரியை காலையிலேயே மிரட்டி வைத்திருக்கிறார். முதல் சுற்றில் நரிகள் பட்டினியில் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் சுற்றில் மைதானம் முழுக்க முயல், நாற்பது வாலும் தீர்ந்துவிட்டன. மூன்றாம் சுற்றில் தின்னப் புல் இல்லாமல் எல்லாரும் செத்துப் புல்லாகித் தரையில் உட்கார்ந்தார்கள். பலகையில் முயல் கோடு விறுவிறுவென்று ஏறி, குப்புற விழுந்தது.

"என்ன டீச்சர் இது?" என்றார் அதிகாரி.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஏன் இப்படி ஆச்சு? சொல்லுங்க" என்று கேட்டாள்.

நரியாக இருந்த ஒரு ரெட்டைச்சடை எழுந்தாள். "நாங்க ரொம்ப நல்ல பிள்ளைங்களா இருந்துட்டோம் டீச்சர். நரி முயலைப் புடிக்கல, அதனால முயல் பெருகி எல்லாப் புல்லையும் தின்னுடுச்சு. அப்புறம் அதுவும் செத்துடுச்சு."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னொரு தடவை விளையாடலாம். நரி நரியாவே இருக்கட்டும். நானும் ஒரு நரி."

பிறகு புழுதி பறந்தது. பலகையில் கோடுகள் அவள் சொன்னபடியே ஒன்றின் பின் ஒன்றாக ஏறி இறங்கின. தொப்பை வைத்த நரிக்கு மட்டும் இரை சிக்கவில்லை. இஸ்திரி போட்ட பேன்ட்டோடு புல்லாக உட்கார்ந்தார், ஒரு முயல் தொட்டதும் முயலாக எழுந்தார். வாலை நான்தான் செருகிவிட்டேன். அந்த வாலோடுதான் காரில் ஏறிப் போனார். சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

"நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று இரண்டு மாதம் என்னைக் கரித்துக் கொட்டினாள்.

ஒருநாள் தபாலில் புடைத்த உறை ஒன்று வந்தது. உள்ளே நிரந்தர வேலைக்கான ஆணை. கூடவே, துவைத்து இஸ்திரி போட்ட ஒரு வெள்ளை வால். ஆணையை இரண்டு முறை படித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வாலை இடுப்பில் செருகினாள். "முடிஞ்சா புடிங்க" என்று தையல் மெஷினைச் சுற்றி ஓடினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டுக்குள் அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.