பாம்புக்காதுக்கு எட்டாத கீச்சொலி

எங்கள் தெருமுனைக் கார் பட்டறைக்காரருக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். எறும்பு தும்மினால் அது எந்தப் புற்றைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுவார். நான் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன். வண்டி தெருவில் திரும்பும்போதே, பட்டறைக்குள் இருந்தபடி, "பின் சக்கர பேரிங் போச்சு" என்பார். போயிருக்கும். மற்றவர்கள் கழற்றிப் பார்ப்பதை இவர் கேட்டே பார்த்தார். பிரேக் வேலை முடிந்ததும் சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்று சுழற்றி, தலையைச் சாய்த்துக் கேட்பார். உரசல் இல்லையா? வண்டியை இறக்கு, அவ்வளவுதான்.

அவர் மனைவியின் தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவன் வண்டியின் முன்பக்கத்துக்குப் புது பிரேக் பேடும் புது டிஸ்க்கும் போட்டுக் கொடுத்தார். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"மச்சான், கீச்சு கீச்சுன்னு கத்துது. வண்டிக்குள்ள குருவி வளக்குறியான்னு கேக்குறாங்க."

ஓட்டிப் பார்த்தார். "ஒரு சத்தமும் இல்லையேடா."

"வெளையாடாதீங்க. எனக்குப் பல்லே கூசுது!"

"அப்போ பல் டாக்டர்கிட்ட போ."

ஆனாலும் டிஸ்க்கைத் துடைத்து, பேடின் ஓரங்களைத் தேய்த்து அனுப்பினார். மறுநாளே வந்து நின்றான். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"பிரேக் சரியில்லாத வண்டின்னு ஏறினவங்க பாதி வழியில எறங்கிட்டாங்க மச்சான்."

சாவியை மேசைமேல் போட்டுவிட்டு நடந்தே போய்விட்டான்.

தானே வண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போனார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் முகத்தைச் சுளித்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நடைபாதையில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்து ஓடியது. சாலையில் வேறு வண்டியே இல்லை. அவர் காதில் எஞ்சின் ஓடுவது மட்டும்தான் விழுந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஊரே அந்தக் காதை நம்பி வண்டியை விட்டுக்கொண்டிருந்தது. சத்தமில்லை, எடுத்துட்டுப் போங்க என்று எத்தனை பேரை அனுப்பியிருப்போம்? இனி எதை நம்பிப் பட்டறையைத் திறப்பது?

நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம், "ஏறு" என்றார்.

"என்ன அதிசயம்! பொண்டாட்டிய ஒரு சுத்து கூட்டிட்டுப் போகணும்னு இன்னிக்குத்தான் தோணிச்சா?" என்றவள், தெரு திரும்புவதற்குள் காதைப் பொத்தினாள். "ஐயோ, என்னங்க இது, இப்படி அலறுது?"

"எந்தப் பக்கம்?"

அவள் கையை இறக்கிவிட்டு அவரையே பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டா திரும்புறதில்ல. போன் அடிச்சா எடுக்கிறதில்ல. எம்மேல என்ன கோவமோன்னு நானும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்." குரல் உடைந்தது. "அட பாவி மனுஷா, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"எனக்கே இப்பதான் தெரியும். எந்தப் பக்கம்னு சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "முன்னால, இடது பக்கம். பிரேக்க அமுக்குங்க... சத்தம் நின்னுருச்சு. விடுங்க... ம், மறுபடி கத்துது."

பிரேக்கை விட்ட பிறகும் கத்துகிறது என்றால், பேடு விலகாமல் உரசுகிறது. பட்டறைக்கு வந்து சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனார். வலது வெதுவெதுவென்று இருந்தது. இடதின் சூட்டில் துணி தேய்க்கலாம். கழற்றினார். பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நகர்ந்து கொடுப்பதற்கான இரும்பு முளை துருவேறி இறுகிக் கிடந்தது. புதுச் சாமான் மாட்டியபோதே அதை விரலால் அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். காது இருக்கும்போது விரல் எதற்கு என்று விட்டிருந்தார். துருவைச் சுரண்டி, கிரீஸ் வைத்து மாட்டினார்.

மைத்துனன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "குருவி பறந்துருச்சு மச்சான்! என்னதான் இருந்துச்சு?"

"ஏதோ துருவாம்டா" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

அவர் கையமர்த்தினார். "உங்க அக்காதான் கண்டுபிடிச்சா. எனக்குக் கீச்சுன்னு எதுவுமே கேக்கலடா."

சிரிக்க ஆரம்பித்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"வண்டிய எடு. காது டாக்டரப் பாக்கணும்" என்றார் அவர்.

வழியில் ஒவ்வொரு சிக்னலிலும், "சத்தம் வருதா?" என்று கேட்டார்.

"இல்ல மச்சான்."

பின்னால் திரும்பி மனைவியிடமும் கேட்டார். "இல்லைங்க" என்று தலையையும் சேர்த்து ஆட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவர் உள்ளே போகவில்லை. குனிந்து இடது சக்கரத்தருகே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார். வலதுக்கும் போய்க் காட்டினார். மறுபடி இடதுக்கு வந்தார்.

"வாங்க" என்று மனைவி படியிலிருந்து கூப்பிட்டாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். பிறகு இறங்கி வந்து தோளைத் தொட்டாள்.