மாமா மாட்டிய ஃபில்டர்

செய்தித்தாளில் சுற்றி, டூல் பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருந்த பொட்டலத்தை நான் பார்த்தபோது, என் அக்காவின் கணவர் என் காருக்கு அடியில் படுத்துக் கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். பொட்டலத்தின் ஓரம் கிழிந்திருந்தது. அதன் வழியே கியர்பாக்ஸ் ஃபில்டரின் விளிம்பு தெரிந்தது. எண்ணெய்க்கறை இல்லாமல் துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்றிருந்தது. நான் காலையில் வாங்கிவந்த புது ஃபில்டரின் அட்டைப்பெட்டி, காலியாக, சுவரோரம் கிடந்தது.

இடது முட்டி தேய்ந்துபோனதால் கிளட்ச் மிதிக்க முடியாமல், பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடத்தில் இருக்கும் என் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போய்வர அந்தக் காரை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று விற்றவர் சொன்னார். மாமா ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, முகர்ந்து, வெள்ளைத் துணியில் தடவிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. "தீஞ்ச வாசனை வருது பாரு பாப்பா. இப்புடியே ஓட்டுனா கியர்பாக்ஸையே இறக்க வேண்டி வரும். ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடலாம்" என்றார். விற்றவரையும் நான் நம்பவில்லை, மாமாவையும் நம்பவில்லை. நான் வேலை செய்வது தரப் பரிசோதனைப் பிரிவில். கையில் வந்த எதையும் சரியில்லை என்று எண்ணிக்கொண்டே பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மாமாவைச் சந்தேகிக்க எனக்கு வேறு காரணமும் இருந்தது. அவர் முன்பு ஒரு கார் தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் லைனில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது, கேட் சோதனையில் அவருடைய சாப்பாட்டுப் பையில் நான்கு பேரிங் கிடைத்தன. அன்றோடு வேலை போயிற்று. அதன்பிறகுதான் பென்னலூரில் வீட்டுக்கு முன்னாலேயே தகரக் கொட்டகை போட்டு இந்த ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கினார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் விசேஷ வீடுகளில் அவர் உள்ளறைக்குப் போனால் என் அம்மாவின் கண் பீரோ சாவியைத் தேடும். அந்தப் பார்வை எனக்கும் வந்துவிட்டிருந்தது என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை முழுவதையும் பக்கத்தில் நின்று பார்ப்பது என்றுதான் போனேன். இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, பழைய ஆயிலை வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து வைத்தார். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, இரும்புத் தூளை இழுத்துப் பிடிக்க அதிலிருந்த காந்தங்களில் படிந்திருந்த சாம்பல் நிறப் பசையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மாவு மாதிரிதான் கீது, துணுக்கு எதுவும் இல்ல. பயப்படாத" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எவ்ளோ நேரம் அந்தக் காலோட நிப்ப? உங்க அக்கா பூரி போட்டுக்கினு கீது, போய் சாப்ட்டு வா" என்று விரட்டினார். மறுக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அடித்தட்டு மேலே ஏறிவிட்டிருந்தது. பொட்டலம் டூல் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. கொட்டகையின் மறுகோடியில் என் கார் மாதிரியே இன்னொரு கார், அடித்தட்டு இல்லாமல் நின்றது. என் மனம் ஒரு நொடியில் கணக்கை முடித்துவிட்டது. பழையதை எனக்கே திரும்ப மாட்டிவிட்டு, புதியதை அந்தக் காருக்கு ஒதுக்கிவிட்டார்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாமா புது ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியராக மாற்றி அளவு பார்த்தார். "இரு பாப்பா, ஒண்ணு காட்டறேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நேரமாச்சு மாமா" என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து ரிவர்ஸ் போடும்போதெல்லாம் வண்டி ஒரு குலுக்கு குலுக்குவதுபோல் தோன்றியது. சிக்னலில் நின்று கிளம்பும்போதும் அதே குலுக்கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தப் பொட்டலம் கண்முன் வந்தது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் முன்பின் தெரியாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "ஃபில்டரைப் பார்க்கணும், அடித்தட்டைக் கழட்டுங்க" என்றேன்.

அந்த மெக்கானிக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். நான் பெட்டியில் பார்த்து மனத்தில் குறித்து வைத்திருந்த அதே எண் அந்த ஃபில்டரின் மேல் இருந்தது. புத்தம் புதியது. அடித்தட்டைச் சாப்பாட்டுத் தட்டைப்போல் தேய்த்துக் கழுவியிருந்தார் மாமா. "குலுக்கல் கியர்பாக்ஸ்ல இல்ல மேடம். இன்ஜினைத் தாங்குற மவுண்ட் ரப்பர் போயிருக்கு" என்ற மெக்கானிக், கழற்றிய போல்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யார் செஞ்ச வேலை? எல்லா போல்ட்லயும் மஞ்சக் கோடு போட்டிருக்காரே" என்றார்.

எனக்கு அந்தக் கோடு தெரியும். போல்ட்டைச் சரியாக இறுக்கியதற்கு அடையாளமாக, அதன் தலையிலிருந்து தட்டுவரை இழுக்கும் கோடு அது. யாராவது பிறகு கழற்றினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தினமும் என் மேஜையில் நான் பார்ப்பதே அதைத்தான்.

மவுண்ட் மாற்ற மாமாவிடமே போனேன். அது எனக்கு நானே செய்துகொண்ட சமாதானம். அடியில் படுத்தவர் அடித்தட்டு போல்ட்டுகளில் விலகியிருந்த மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிறகு அங்கிருந்தபடியே கேட்டார்.

"வெளிய எங்கியாவது குடுத்துத் தொறந்து பாத்தியா?"

"ஆமா மாமா."

"இன்னா இருந்துச்சு?"

"புது ஃபில்டர்தான்."

வெளியே வந்து, அலமாரியிலிருந்து அதே செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பழைய ஃபில்டர், இரண்டாக அறுக்கப்பட்டு இருந்தது. "உள்ள இரும்புத் துணுக்கு இருந்தா கியர்பாக்ஸ் போகப்போவுதுன்னு அர்த்தம். உன் எதிர்ல அறுத்துக் காட்டலாம்னுதான் துடைச்சு வெச்சேன். நீ மூஞ்சியத் தூக்கிக்கினு போய்ட்ட. அப்பறம் நானே அறுத்துப் பாத்தேன். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கீது."

எனக்கு அழுகை வந்தது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் கேட்காததையும் கேட்டேன். "மாமா, அந்த பேரிங்..."

"நான் எடுக்கல. என் பையில எப்புடி வந்துச்சுன்னு இன்னிக்கும் தெரியாது. அன்னிக்கே வூட்ல எல்லார் எதிர்லயும் சொன்னேனே. நீயும்தான் அங்க ஒக்காந்துக்கினு இருந்த."

உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது காதிலும் விழுந்தது. பதிலுக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, போன மாதம், மறுபடியும் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டி வந்தது. இந்த முறை பக்கத்தில் நிற்கக் கூடாது என்று முடிவுசெய்து, போனவுடனே அக்காவிடம் உள்ளே போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மாமா வாசலில் வந்து நின்றார். "வந்து பாத்துடும்மா" என்றார். வேண்டாம் மாமா, எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றேன். "வர்ற கஸ்டமர் எல்லாருக்கும் காட்டறதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

போனேன். தரையில் துணி விரித்துப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஃபில்டரின் எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அறுத்த பழைய ஃபில்டரின் உள்பக்கத்தைக் காட்டினார். கோபம் துளியும் இல்லை. முகம் தெரியாத ஒருவருக்கு விளக்குகிற அதே பொறுமை. பாப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு, நான் தலையாட்டும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே அடுத்ததைக் கையில் எடுத்தார்.