இக்னேஷியஸ் நினைவுக் கோப்பை

ராயபுரத்தில் ஒருவர் இறந்துபோனால் அத்தோடு விஷயம் முடிந்துவிடாது. வருஷம் திரும்புவதற்குள் தெருவில் நாலு பேர் கூடி, அண்ணன் பேரில் ஒரு மேட்ச் வைக்க வேண்டும் என்பார்கள். கோப்பை வரும். அதில் இறந்தவரின் பெயர் இருக்கும். வாழ்நாள் முழுக்கப் பந்தைக் கண்டால் ஒதுங்கி நடந்தவருக்கும் கால்பந்துக் கோப்பை உண்டு. மீன் ஏலம் விட்ட சிவந்தியம்மா பெயரில் ஒரு குத்துச்சண்டைக் கோப்பையே நடந்தது. அந்தம்மாவிடம் மீன் வாங்கியவர்கள் யாரும் பொருத்தமில்லை என்று சொல்லவில்லை.

இந்தப் போட்டிகளுக்கெல்லாம் மைக் பிடித்தவர் இக்னேஷியஸ். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டியவர். தூக்கு, இறக்கு, நிறுத்து, எல்லாம் விரலாலும் முழங்கையாலும்தான். அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையே கிடையாது. பகலெல்லாம் தேங்கிய பேச்சை மாலையில் மைதானத்தில் கொட்டிவிடுவார். கொட்டினால் சாதாரணமாகவா கொட்டுவார்? ஒருமுறை அவர் "கோல்" என்று இழுத்த இழுப்பில், காசிமேட்டிலிருந்து கிளம்பிப் பாதிக் கடல் போயிருந்த விசைப்படகு ஒன்று, ஜெயித்தது நம் தெருதான் என்று கரைக்குத் திரும்பிவிட்டது. ஜெயித்தது வேறு தெரு. படகிலிருந்தவர்கள் வந்ததற்குச் சண்டையாவது போட்டுவிட்டுப் போனார்கள்.

இருநூற்றுப் பதினோரு நினைவுப் போட்டிகளுக்குப் பேசிய மனிதருக்கு அறுபத்தெட்டாவது வயதில் ஒரு பயம் பிடித்தது. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த ஜெரால்டின் நினைவாக அவர் மைத்துனர் மேசைப்பந்துப் போட்டி வைத்தார். மொத்தம் பதினோரு பேர் வந்தார்கள். அதில் எட்டுப் பேர் ஆட வந்தவர்கள். மிச்ச மூவரையும் ஒரு நாயையும் பார்த்து, "திரளாகக் கூடியிருக்கும் ரசிகப் பெருமக்களே" என்று சொல்ல வேண்டியதாயிற்று. நாய்கூடப் பாதியில் எழுந்து போய்விட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது இக்னேஷியஸ் தன் கோப்பைக்கு வரக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எந்த விளையாட்டையும் ஒரு நாள் கூட ஆடாத, சும்மா பேசிக்கொண்டே இருந்த ஆளுக்கு யார் வருவார்கள்? கூட்டம் வர வேண்டுமானால் ஆட்டமாவது கூட்டம் சேர்க்கிற ஆட்டமாக இருக்க வேண்டும். அது எது என்று கண்டுபிடித்து, சாவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும்.

மறுநாள் டீக்கடையில் மூன்று தோஸ்துகளிடம் கேட்டார். கேட்டது தப்பாகப் போயிற்று.

கேரம் கிளப் செயலாளர் மதார் சாகிப், இந்த ஏரியாவில் பிள்ளைகளுக்குப் பூசுவதைவிடப் பலகைக்குப் பூசும் பவுடர்தான் அதிகம் என்றார். ஐந்து வயதுப் பிள்ளையின் சுண்டுவிரலைப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடலாமாம். கால்பந்துக் கோச் ஃப்ரெடி இடைமறித்து, தங்கள் அணி இறுதிப் போட்டியில் தோற்ற வருஷம் மூன்று நாள் கடலில் அலையே அடிக்கவில்லை, அதற்குக் கடலே சாட்சி என்றார். புளியந்தோப்பிலிருந்து தினமும் டீ குடிக்க மட்டும் ஷேர் ஆட்டோவில் வருகிற லோகநாதன் குத்துச்சண்டை வாத்தியார். அவர் சத்தமே போடாமல், தங்கள் பக்கம் பிரசவம் ஆனால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை, எந்த எடைப் பிரிவு என்றுதான் கேட்பார்கள் என்றார்.

கிரிக்கெட்டின் பெயரை டீ மாஸ்டர் எடுத்தார். நால்வரும் ஒரே குரலில் அதை டிவிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அவரைப் பால் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் இந்த வழக்கு நடந்தது. கடைசியில் இக்னேஷியஸே தீர்ப்புச் சொன்னார்.

"மூணையும் ஒரே நாள்ல, ஒரே கிரவுண்டுல, ஒரே நேரத்துல வுடுவோம். எதுக்குக் கூட்டம் ஜாஸ்தியோ அதான் என் பேர்ல நடக்கணும். இது என் சாவுக்கு ஒரு ஒத்திகைன்னு வெச்சுக்க."

மூவருக்கும் இதில் விசித்திரமாக ஒன்றும் படவில்லை. "நல்ல ஐடியா மாமு" என்று எழுந்து போய் ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

போஸ்டருக்கு வண்ணாரப்பேட்டையில் அமீரின் அச்சகம். இக்னேஷியஸ் தன் போட்டோவையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தார். சீட்டில் 'இக்னேஷியஸ் கோப்பை', ஞாயிறு தேதி, காலை ஏழு மணி, ஐஸ் கம்பெனி மைதானம், மூன்று விளையாட்டுகளின் பெயர். அவ்வளவுதான். ஆனால் அமீர் தன் வாழ்நாளில் உயிரோடிருப்பவர் பெயரில் ஒரு கோப்பைக்கும் போஸ்டர் அடித்ததில்லை. கோப்பை என்று பார்த்ததும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. போட்டோவைச் சுற்றி வட்டம். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. மேலே கண்ணீர் அஞ்சலி. தோற்றம் என்பதற்குக் கீழே, பணி ஓய்வு போஸ்டர் அடித்தபோது வாங்கி வைத்திருந்த பிறந்த தேதி. மறைவு என்பதற்குக் கீழே சீட்டில் இருந்த ஒரே தேதி. ஆக, சனிக்கிழமை ஒட்டிய போஸ்டரில் இக்னேஷியஸ் ஞாயிற்றுக்கிழமை இறந்திருந்தார்.

அடித்து முடித்து அமீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மன்சன். முந்தாநேத்து அவரே நேர்ல வந்து ஆர்டர் குட்த்துட்டுப் போனாரு, பாவம்."

ஒட்டுகிற ஆட்களுக்குச் சுவர் தீர்ந்து போயிற்று. துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிகளின் மேல் மிச்சத்தை ஒட்டினார்கள். பாதி லாரிகள் சரக்கை இறக்கிவிட்டு மாலைக்குள் வடக்கே திரும்பின. பொழுது சாய்வதற்குள் எண்ணூர் வரைக்கும் இக்னேஷியஸ் இறந்துவிட்டார்.

செய்தி எட்டாத ஒரே வீடு அவருடையது. சனிக்கிழமை முழுக்க உள்ளேயே உட்கார்ந்து தொடக்கவுரையை உரக்கப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். ஞாயிறு விடியும் முன்பே, இருட்டோடு மைதானத்துக்குப் போய், ஏணி வைத்து, தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறையின் மொட்டை மாடியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாக அதுதான் அவர் இடம். வெயிலுக்குத் தார்ப்பாய், முன்னால் இடுப்புயரச் சுவர். அவருக்கு எல்லோரும் தெரிவார்கள், யாருக்கும் அவர் தெரிய மாட்டார். மைக் பிடிக்கும்போது போனை அணைத்துவிடுவது பழக்கம். கூம்பு ஒலிபெருக்கி கீழே பூவரச மரத்தில், ஆள் உயரத்தில் கட்டியிருந்தது.

ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தார். மைதானம் நிரம்பி வழிந்தது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் முகங்களெல்லாம் தெரிந்தன. பலர் கையில் மாலை. ஜெயிக்கிறவர்களுக்குப் போட இவ்வளவு பேரா என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. மேளக்காரர்களும் வந்திருந்தார்கள். தொடக்க விழாவைத் தோஸ்துகள் தடபுடலாகச் செய்கிறார்கள் என்று நினைத்து மைக்கைத் தட்டினார்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, உங்கள் இக்னேஷியஸ் பேசுகிறேன்."

மைதானம் ஓவென்று அழுதது.

இக்னேஷியஸ் திகைத்துப் போனார். அவர் பேசிக் கூட்டம் கொட்டாவி விட்டதுண்டு, அழுததில்லை. எதிர்ச் சுவரில் பெரிய பேனர் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய ஏணியை எடுத்துப் போய்த்தான் அதைக் கட்டினார்கள். பேனரில் அவர் முகமும் இரண்டு மெழுகுவர்த்தியும் தெரிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவசரத்தில் மேடைத் தமிழ் கைவிட்டது.

"யோவ், நான் உசுரோடதான்யா கீறேன்."

"எத்தினி தெளிவா ரெக்கார்டு பண்ணி வெச்சுட்டுப் போய்கீறாரு பாரு" என்றார் எண்ணூர்க்காரர் ஒருவர். பக்கத்தில் இருந்த ஃப்ளோரன்ஸ் மூக்கைச் சிந்தினாள். இக்னேஷியஸின் தெருவுக்கே பூ விற்கிறவள் அவள். "சாவுலயும் தமாசு போவல அந்த மன்சனுக்கு" என்றாள்.

மூன்று தோஸ்துகளாவது யோசித்திருக்கலாம். யோசித்தார்கள், அதுதான் வினை. போஸ்டரில் ஞாயிறு என்றிருக்கிறது, இன்றைக்கு ஞாயிறு, அப்படியானால் காலையில்தான் நடந்திருக்க வேண்டும் என்று ஃப்ரெடி கணக்குப் போட்டார். சாவுக்கு ஒத்திகை பார்க்கிறவர் பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருப்பார் என்பதில் லோகநாதனுக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஆசைப்படி ஆட்டம் நடக்கட்டும் என்று மதார் சாகிப் சொல்ல, மூன்று மூலைகளில் மூன்று ஆட்டம் தொடங்கியது.

இதற்கிடையில் இக்னேஷியஸின் மனைவி கிறிஸ்டினா வந்து சேர்ந்தாள். முதல் பூசை முடிந்து மாதா கோயில் படியிறங்கும்போதே கும்பல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தது. அவர் நாஷ்டாவுக்கு ஆப்பம் தின்றுவிட்டுத்தான் போனார் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "ஆமாக்கா, நம்ம மனசுல உசுரோடதான் கீறாரு" என்று தேற்றினார்கள். ஏழாவது ஆளோடு அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். யாரோ கையில் திணித்த ரோஜா மாலையோடு அமைதியாக வந்து மரத்தடியில் நின்றாள்.

மேலே இக்னேஷியஸ் கத்தி ஓய்ந்திருந்தார். ஆனால் கண்முன்னால் ஆட்டம் நடக்கும்போது எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பார்? மெல்ல வர்ணனை தொடங்கியது. பந்து இடப்பக்கம் போகிறது என்றார். லோகநாதனின் சீடன் மூக்கில் வாங்கினான் என்றார். ஜனங்கள் விசும்பிக்கொண்டே கேட்டார்கள். எல்லோரும் கண்ணைத் துடைக்கிற சமயம் பார்த்து மதார் சாகிப் சிவப்புக் காயை விரலால் குழிக்குள் தள்ளினார்.

"மதார் சாகிப் சிவப்பைக் கையாலேயே தள்ளுகிறார், பெருமக்களே. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறார்."

மைதானம் கப்சிப்பென்று அடங்கியது. பதிவு செய்து வைத்த குரலுக்கு இது எப்படித் தெரியும்? மதார் சாகிப் சிவப்பைக் குழியிலிருந்து எடுத்துத் திரும்பப் பலகை நடுவில் வைத்தார்.

"சொம்மா நிக்காதீங்க, ஏணிய வெச்சு ஏறிப் பாருங்க" என்றாள் கிறிஸ்டினா. "அவுரு உசுரோட கீறாருன்னு காலைலேர்ந்து சொல்லிகினு கீறேன்."

லோகநாதன் ஏறினார். பேயா ஆளா என்று உறுதி செய்ய அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விலாவில் ஒரு குத்து. இக்னேஷியஸின் அலறல் மைக்கில் விழுந்து பூவரச மரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. ஆள் உயிரோடிருப்பது நிரூபணமாயிற்று.

சந்தோஷப்பட வேண்டிய கூட்டம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது. எண்ணூர்க்காரர் முன்னால் வந்தார்.

"உசுரோட கீறது நல்ல விசயம்தான் நைனா. நான் ரெண்டு பஸ்சு மாறி வந்துகீறேன். சாவுக்கு வாங்கின மாலைய வூட்டுக்கு எட்துகினு போவ முடியாது. உசுரோட கீற உன் கழுத்துலயும் போட முடியாது. இத்த இப்ப நான் இன்னா பண்றது?"

நியாயமான கேள்விதான். நூறு மாலைக்கு மேல் இருக்கும். இக்னேஷியஸ் சுவர் மேலாக எட்டி மைதானத்தைப் பார்த்தார். ஒரு மூலையில் கேரம் பலகை, ஒரு மூலையில் கோல் கம்பம், ஒரு மூலையில் குத்துப்பை. மூன்று வார வழக்குக்கு முடிவு கண்ணெதிரே மாலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கு எந்த ஆட்டம் பிடிக்குமோ அதற்கு மாலையைப் போட்டுவிட்டுப் போகட்டும், எது ஜெயிக்கிறதோ அதுவே வருங்காலத்தில் தன் கோப்பை என்று அறிவித்தார். கூட்டம் ஒத்துக்கொண்டது. மூன்று தோஸ்துகளும் ஓடிப் போய் அவரவர் மூலையில் நின்றார்கள்.

முதல் மாலை மனைவியுடையது என்று எல்லோரும் வழி விட்டார்கள். கிறிஸ்டினா கேரம் பலகையைத் தாண்டி நடந்தாள். கோல் கம்பத்தையும் தாண்டினாள். குத்துப்பையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரும்பி மரத்தடிக்கே வந்து, ரோஜா மாலையை ஒலிபெருக்கியின் கழுத்தில் போட்டாள்.

"நாப்பத்திரெண்டு வருசமா எங்க வூட்ல ஆடுற ஆட்டம் இதான்" என்றாள்.

அடுத்து எண்ணூர்க்காரர் வந்தார். தனக்கும் எந்த மேட்சிலும் எந்த அணி ஜெயித்தது என்று நினைவில்லை, இந்தக் குரல்தான் நினைவிருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு, தன் மாலையையும் அதிலேயே போட்டார். பின்னால் ஃப்ளோரன்ஸ். அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. சாமந்தி, அரளி, ரோஜா என்று மாலை மேல் மாலை. பலகைக்கும் கம்பத்துக்கும் பைக்கும் தலா ஒன்று விழுந்தது, அதுவும் அந்தந்த மூலையில் நின்ற தோஸ்தே போட்டது.

மேலே இக்னேஷியஸ் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நன்றியுரை தொடங்கினார். வாழ்நாளில் பேசியதிலேயே நல்ல பேச்சு அது. சைகை காட்டிய நாட்கள், ஜெரால்டின் கோப்பைக்கு வந்த நாய், தனக்கு யார் வருவார்கள் என்ற பயம், எல்லாவற்றையும் சொன்னார். கீழே ஒலிபெருக்கியின் வாயில் பூ அடைத்துக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து, பிறகு அதுவும் நின்றுபோயிற்று. கூட்டம் கலைந்து டீக்கடைப் பக்கம் போனது. அங்கே மூன்று தோஸ்துகள், ஆளுக்கொரு மாலையில் யார் இரண்டாம் இடம் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து இக்னேஷியஸ் வியர்த்து வழிய ஏணியில் கால் வைத்தார். கீழே கிறிஸ்டினா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியா நான் பேசுனது கேட்டுச்சா?"

"கணீர்னு கேட்டுச்சு" என்றாள் கிறிஸ்டினா. "மூணாவது படி ஆடுது. பாத்து எறங்குயா."