டீச்சர் வரைந்து கொடுத்த நண்டுத் தாள்

எங்கள் வீட்டு அரிசி டின் மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் எழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் படம். ஒரு சூரியன், அதன் மேல் குறுக்கே கோடு. ஒரு கார், பின்சீட்டுக்குக் கீழே ஒரு டப்பா. ஒரு சென்ட் பாட்டில், அதன் மேலும் கோடு. ஒரு டம்ளருக்குள் உடம்பு மட்டுமாக ஒரு நண்டு, பக்கத்தில் இரண்டு சங்கு, மேலே ஒரு துணி. மாடியில் நாலு வருடம் குடியிருந்த டீச்சர் எனக்காக வரைந்தது அது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் வாசிக்க ஒரு பொழுது ஆகும். அதை டீச்சர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேசாமல் உட்கார்ந்து படம் போட்டுக் கொடுத்தார்.

டீச்சர் தூத்துக்குடிக்காரர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடித் தொட்டியில் நாலு சங்கு நண்டு வளர்த்தார். செத்துப்போன சங்குப் பூச்சியின் ஓட்டுக்குள் குடியேறி, அதைச் சுமந்துகொண்டே திரியும் நண்டு அது. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை என்று, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் அதற்கு. ஒரு நாள் நான் பெருமையாகக் குற்றாலத்து அருவித் தண்ணீரை ஒரு கேன் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஆச்சி, ஊருபட்ட சனம் எண்ணெயும் சோப்பும் தேச்சுக் குளிச்ச தண்ணி இது. இவுகளுக்கு ஆவாது” என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் ஊர் அருவியை அப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் சாரல் மாதத்தில் சன்னலைத் திறந்து வைத்து, “இந்தக் காத்துக்கு இவுக எப்படி ஆடுதாக பாருங்க” என்று அவரே கூப்பிட்டுக் காட்டினார். சரி, பாதி மரியாதையாவது மிஞ்சியது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் டீச்சருக்குச் செங்கல்பட்டுப் பக்கம் மாற்றல் வந்தது. அந்த நேரம் பார்த்து, இருக்கிறதிலேயே பெரிய நண்டு தோலுரிக்க மணலுக்குள் இறங்கிவிட்டது. வெளியே வர ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். நடுவில் கிளறினால் செத்துவிடும். டீச்சர் இரண்டு நாள் சோறே இறங்காமல் இருந்தார். பிறகு கீழே வந்து, “ஆச்சி, மத்த மூணையும் நான் கொண்டுபோறேன். இத மட்டும் வெளிய வாரவரைக்கும் பாத்துக்கிட்டு, பெறவு கொண்டாந்து சேக்க ஒங்களால முடியுமா?” என்று கேட்டார். தாம்பரத்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு நான் எப்படியும் காரில் போகவேண்டியிருந்தது. “எட்டுப் பிள்ளைக்குப் பிரசவம் பாத்தவ நான். நண்டு பெரிய காரியமா?” என்றேன்.

நண்டு நாற்பது நாள் கழித்து மேலே வந்தது. அதன் தோல் இறுகட்டும் என்று டீச்சர் போனில் சொன்னபடி இன்னும் இரண்டு வாரம் பொறுத்தேன். ஓட்டை போட்ட டப்பாவில் நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரைப் பரப்பினேன். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் வண்டிக் குலுக்கலில் கொட்டி, நண்டு மூழ்கிப்போகும். கல் வைத்தால் உருண்டு நசுக்கும். அதனால் இரண்டும் வைக்கவில்லை. மாற்றுச் சங்கு இரண்டையும் துணியில் சுற்றி ஓரத்தில் செருகினேன். எல்லாம் தாளில் இருந்தபடிதான்.

அச்சன்புதூர்க்காரத் தம்பி ஒருவர் விடியற்காலையில் கார் கொண்டுவந்தார். அடுத்தவர் நம்பிக் கொடுத்த உயிர் நல்லபடியாகப் போய்ச்சேர வேண்டுமே என்று, காசி விசுவநாதரைக் கும்பிட்டு, வண்டியின் முன்பக்கம் ஒரு கப் சாம்பிராணி ஏற்றி வைத்தேன். “கண்ணாடிய எறக்கட்டா ஆச்சி?” என்றார் தம்பி. தூசி வரும், வேண்டாம் என்றேன். சென்ட் பாட்டிலுக்குக் கோடு போட்டிருந்தது என் நினைவில் இல்லாமல் இல்லை. தம்பி மாட்டியிருந்த வாசனை அட்டையைக்கூட நானே கழற்றச் சொல்லியிருந்தேன். சாம்பிராணியை அந்தக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. அது சாமி காரியம் அல்லவா.

சிவகிரி வரும் முன் டப்பாவைத் திறந்து பார்த்தேன். சங்கு ஒரு பக்கம் கிடந்தது. நண்டு ஒரு பக்கம் கிடந்தது. உரித்த பூண்டுப் பல் மாதிரி அதன் வயிறு வெளியே சுருண்டிருந்தது. மூச்சு முட்டினால்தான் வீட்டை விட்டு இப்படி வெளியே வரும், அப்படியே விட்டால் காய்ந்து செத்துப்போகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்போதுதான் கார் முழுக்கப் புகை நிற்பது எனக்கே உறைத்தது.

“நிறுத்து தம்பி, கதவெல்லாத்தையும் தொற” என்றேன். புளியமரத்து நிழலில் நிறுத்தினார். சாம்பிராணியை மண்ணில் போட்டு மிதித்தேன். எவர்சில்வர் டம்ளரை, கேனில் கொண்டுவந்திருந்த கிணற்றுத் தண்ணீரில் அலசி, அடியில் ஒரு வாய் தண்ணீர் மட்டும் விட்டு, நண்டையும் பழைய சங்கையும் மாற்றுச் சங்குகளையும் அதில் வைத்தேன். ஈரத்துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பார்க்கக்கூடாது, அசைக்கக்கூடாது.

“கொழம்பு வைக்கிற சாமானுக்கு இம்புட்டு மரியாதயா ஆச்சி? மதுரைய மத்தியானத்துக்குள்ள தாண்டணும்லா.”

“நீ தாண்டிப் போ. நான் இங்கன இருக்கேன்.”

அவர் சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். டீச்சருக்குப் போன் செய்யலாம். செய்யவில்லை. என்னவென்று சொல்வேன்? எழுபத்திரண்டு வயதுக்கு ஒருவரிடமும் தப்பு என்று சொல்லி நின்றதில்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். டம்ளருக்குள் டக்கென்று ஒரு சத்தம். துணியை விலக்கினேன். புதுச் சங்குக்குள் இருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகு அதை டப்பாவுக்கே மாற்றி, ஏசிக் காற்று மேலே படாமல், வெயில் படாமல், சாப்பிட இறங்கினபோதும் மடியை விட்டு இறக்காமல் டீச்சர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டீச்சர் டப்பாவைத் திறந்ததும், “ஏ, வீடு மாத்திட்டாரா!” என்று முகமெல்லாம் மலர்ந்தார். அது தானாக மாற்றுவதும் உண்டுதான். நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்தது. தம்பியும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் படம் வரைந்து கொடுத்த அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு மறைக்க மனம் வரவில்லை. சாம்பிராணி முதல் புளியமரம் வரை சொல்லிவிட்டேன்.

டீச்சர் எங்களுக்குச் சோறு போட்டார். தம்பி சாப்பிட்டு வண்டிக்குப் போனபின், தட்டுக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“மொத தடவ மெட்ராஸ்லேந்து நான் கொண்டாந்தப்ப ஆறு பேரு ஆச்சி. வழியில காரை வெயில்ல பூட்டிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன். ஒரே ஒரு டீ. வந்து பாத்தா ரெண்டு பேரு இல்ல. இத யார்ட்டயும் சொன்னதில்ல.”

படித்தவர், அதனால் எல்லாம் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். எழுந்து உள்ளே போய், அவர் கழுவிய தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து அடுக்கினேன். என் மாடியில் அவர் குடியிருந்த நாலு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அவருடைய அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை.