உப்பு பார்த்துக்கொள்ளவும்

அந்த வீட்டில் ஒரு சாம்பாரை ஒரே ஆள் முழுதாக வைத்து முடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. காலை ஐந்து மணிக்குப் பருப்பு குக்கரில் ஏறும்போது அது மனைவியின் பொறுப்பு. ஏழு மணிக்குத் தாளிக்கும்போது கணவரின் பொறுப்பு. எட்டே முக்காலுக்கு மறுபடி சூடேற்றி, டப்பாவில் அடைத்து, மிச்சத்தை மூடி வைப்பது கல்லூரிக்குப் போகும் மகளின் பொறுப்பு. மூன்று பேரும் சேர்ந்தாற்போல் அடுப்படியில் நின்றால் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். அல்லது காஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் மனைவிதான். ஆஸ்பத்திரியின் பொது வார்டில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். நான்கு மாடிக் குடியிருப்பில் பால் போடுகிறவர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'. கல்யாணமான புதிதில் அவருடைய கணவரும் கூட்டத்தோடு கூட்டமாக ஒருநாள் கீழே நின்றுகொண்டு, "சிஸ்டர், சாவி எங்க?" என்று கத்திவிட்டார். குடியிருப்பு அதை இன்னும் மறக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும். அதனால் வீட்டில் அவருக்குப் பெயர் 'மேலே கீழே'.

வார்டில் டூட்டி மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைக்க வேண்டும். ஐந்தாம் படுக்கைக்கு ஊசி போட்டாச்சு, ஏழாம் படுக்கைக்கு எட்டு மணிக்கு மாத்திரை. வாயால் சொன்னது மறக்கும். எழுதி வைத்தது நிற்கும். இதையே சிஸ்டர் சமையலறைக்கும் கொண்டுவந்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில், தினமும் ஒரு சீட்டு.

"பருப்பு வெந்தது. புளி விட்டாச்சு. முருங்கைக்காய் போட்டு ஒரு கொதி வந்தது. பொரியலுக்கு வெண்டைக்காய் நறுக்கி இருக்கு. உப்பு பார்த்துக்கொள்ளவும்."

எல்லாச் சீட்டும் அந்தக் கடைசி வரியில்தான் முடியும். நேரம் இருந்தால் சிஸ்டர் உப்பு போடுவார்; இல்லாவிட்டால் மாட்டார். அடுத்து வருகிறவர் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, குறைந்தால் போட வேண்டும். பத்து வருடமாக இது பிசகவில்லை. "பேஷண்ட் எப்படி இருக்கு?" என்று கணவர் ஏழு மணிக்கு ஃபோனில் கேட்பார். "கொதி வந்தாச்சு. தாளிச்சா பொழச்சுக்கும்" என்பார் சிஸ்டர், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே.

இரண்டு மாதத்துக்கு முன் மாமனார் வந்து சேர்ந்தார். முப்பத்து நான்கு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மாமியார் காலமான பிறகு ஊரில் தனியாகத்தான் இருந்தார். இதயம் கொஞ்சம் சுணங்கி, மூச்சு வாங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, நேராக இங்கே வந்துவிட்டார். டாக்டர் கொடுத்த கட்டளை ஒன்றுதான் முக்கியம்: உப்பு. நாள் முழுக்கச் சேர்த்து அரை டீஸ்பூன். அதற்கு மேல் போனால் உடம்பில் நீர் கோக்கும், கால் வீங்கும், மறுபடி படுக்கை.

ஐந்து மணிக்கு எழுந்து ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டியவர் இரண்டு சாம்பார் எங்கே வைப்பது? சிஸ்டர் ஒரே பாத்திரத்தில் வைத்தார். எல்லாருக்கும் சேர்த்தே ஒரு சிட்டிகை உப்புதான். வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். தன் பங்கைக் காலையிலேயே டப்பாவில் ஊற்றிக்கொண்டார். சீட்டின் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தார்: உப்பு பார்த்துக்கொள்ளவும்.

மதியம் வார்டுக்குப் பக்கத்து அறையில் அந்தச் சாம்பாரைச் சாப்பிடுவது பெரிய தண்டனைதான். "சோத்துல வெந்நீர் ஊத்திச் சாப்பிடுறியா?" என்று கேட்டார் கூட வேலை பார்க்கும் நர்ஸ். சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார். வீட்டில் மூன்று பேரும் இதைத்தானே சாப்பிடுகிறார்கள்? அதுவும் மூன்றரைக்கு வீடு திரும்பினால் சாம்பார்ப் பாத்திரம் வழித்துக் காலியாக இருக்கும். நல்ல ஜனங்கள், முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்களே என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தினமும் காலையில் காபியோடு மாமனாரின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். குழி விழும். அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுவார். வந்த வாரம் மூன்று எண்ணுவதற்குள் நிரம்பியது. அப்புறம் ஆறு. ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு.

டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் காலைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார்.

"நீங்களே நர்ஸ். வீட்ல உப்பு எவ்வளவு போகுது?"

"சிட்டிகைதான் டாக்டர். நானே போடறேன்."

மாமனார் நடுவில் புகுந்தார். "உப்பே தெரியாது டாக்டர். ஆனா என்ன ருசிங்கறீங்க! மருமக கைப்பக்குவம் அப்படி."

டாக்டர் சிரித்தார். சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாம்பாரில் ருசியா? தினமும் மதியம் அதோடு மல்லுக்கு நிற்பது அவர்தானே? நோயாளி தேவையில்லாமல் சாப்பாட்டைப் புகழ்ந்தால் தலையணைக்கு அடியில் ஊறுகாய் இருக்கிறது என்று அர்த்தம். பத்தொன்பது வருட அனுபவம்.

"ஒரு வாரம் பாக்கலாம்," என்றார் டாக்டர். "குறையலன்னா அட்மிட் பண்ணிடலாம்."

அன்று சாயங்காலம் மாமனார் மொட்டை மாடியில் நடக்கப் போன நேரம் சிஸ்டர் அவருடைய அலமாரியைத் திறந்தார். நான்கு வேட்டி, இரண்டு துண்டு, தைல டப்பா, ஒரு பழைய டிக்கெட் துளைக்கும் கருவி. ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை, உப்புப் பொட்டலம் இல்லை. தைல டப்பாவைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தார். தைலம்தான். திரும்பினால் வாசலில் மாமனார்.

"என்னம்மா தேடற?"

சிஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. "உப்பு, மாமா."

கிழவர் உள்ளே வந்து அலமாரியை மூடினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

"முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் எடுக்காதவனப் பிடிச்சவன் நான். என் பையிலயே கை விடுறியா?"

"கால் வீங்குதே மாமா. நான் போடறது சிட்டிகை. மிச்சம் எங்கேர்ந்து வருது?"

"எனக்கென்ன தெரியும்? நீ வைக்கிற, நான் திங்கறேன்."

ராத்திரிச் சப்பாத்தியை அவர் தொடவில்லை. மகனைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெரியவன் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். பெரியவன் வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் வேலை. மூன்று வேளையும் கடையிலிருந்து பொட்டலம் வரும். அந்தப் பொட்டலத்தில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று சிஸ்டருக்குத் தெரியும். அங்கே போனால் அவர் ஒரு மாதம் தாங்க மாட்டார் என்பதும் தெரியும்.

"நீ ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடேன்," என்றார் கணவர்.

"கேக்கறேன். உப்பு எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சதும் கேக்கறேன்."

"அடடா, நீ போலீஸுக்குப் போயிருக்க வேண்டியவ."

வெள்ளிக்கிழமை காலை, இதே யோசனையில், சிஸ்டர் டப்பாவை மேடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், காலியாக. ஒன்பது மணிக்கு மகள் கல்லூரிக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள். மதியம் ஒன்றரைக்கு சிஸ்டர் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

கை அப்படியே நின்றது.

"என்னடி, பல்லி கில்லி விழுந்திருக்கா?" என்றார் கூட இருந்த நர்ஸ்.

"நல்லா இருக்கு," என்றார் சிஸ்டர்.

"நல்லா இருந்தா சாப்பிடு. ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

சிஸ்டர் டப்பாவை மூடினார். முதல் அழைப்பு கணவருக்கு. அவர் ஏதோ கட்டடத்தின் ஆறாவது மாடியில், லிஃப்டின் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்.

"சாம்பார்ல உப்பு போட்டீங்களா?"

"போட்டேனே. தினமும்தான் போடறேன். ஒரே ஒரு ஸ்பூன்."

"யாரு போடச் சொன்னது?"

"நீதானே! உப்பு பாத்துக்கோன்னு எழுதற. இப்ப ரெண்டு கோடு வேற போடற. நக்கிப் பாத்தா உப்பே இல்ல. சரி, அப்பாவுக்கான அளவ என்னையே போடச் சொல்றியாக்கும்னு நெனச்சேன். நீ தேடற உப்பு இதுதான்னு தோணவே இல்ல."

இரண்டாவது அழைப்பு மகளுக்கு.

"நானும் போடுவேன்மா. அப்பா வெச்சுட்டுப் போறது கெட்டியா இருக்கும், தண்ணி விடுவேன். தண்ணி விட்டா உப்பு போடணும்ல? சீட்டும் அதையேதான் சொல்லுது. கோடெல்லாம் போட்டிருக்கியே, மறக்காமப் போடணும்னு கொஞ்சம் தாராளமாவே போட்டேன்."

உப்பு பார்த்துக்கொள்ளவும். 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்று நினைத்து ஒருத்தி எழுதினாள். 'குறைந்தால் போடுங்கள்' என்று இரண்டு பேர் படித்தார்கள். பத்து வருடம் ஒரு பொருளில் ஓடிய வரி, இந்த இரண்டு மாதத்தில் எழுதியவளுக்கு மட்டும் பொருள் மாறியிருந்தது. மாறியதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. காலியான பாத்திரத்தைத் தினமும் பார்த்துப் பெருமைப்பட்டவளும் அவள்தான். சிட்டிகை உப்பு போட்ட சாம்பாரை எந்த வீட்டில் வழித்துச் சாப்பிடுவார்கள்?

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நேராக மாமனாரின் அறைக்குப் போனார். கட்டிலில் பை பாதி கட்டி இருந்தது. தைல டப்பா மேலாக இருந்தது.

"மாமா, திருடன் அகப்பட்டாச்சு."

"யாரு?"

"நாங்க மூணு பேரும். எழுதிக் கொடுத்தது நான்."

சீட்டை நீட்டி, நடந்ததை வரிசையாகச் சொன்னார். வார்டில் தவறு நடந்தால் டாக்டரிடம் சொல்வது போலவே, ஒன்றையும் விடாமல். கடைசியில், "அலமாரியத் திறந்தது தப்பு. மன்னிச்சுக்குங்க," என்றார்.

மாமனார் சீட்டைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். அவருக்குக் கோபம் வரும் என்று சிஸ்டர் காத்திருந்தார். ஆனால் முகம் வேறு விதமாக வாடியது.

"அப்ப டாக்டர்கிட்ட நான் சொன்னது..."

"எது மாமா?"

"உப்பில்லாமலே இவ்ளோ ருசியா வைக்கிறான்னு நெசமாவே நம்பினேன்மா. பெரியவன்கிட்டக்கூட ஃபோன் போட்டுப் பீத்திக்கிட்டேன். உன் பொண்டாட்டி கத்துக்கட்டும்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

சிஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "பீத்திக்கிட்டது வீண் போகாது மாமா. ஒரு வாரம் டைம் குடுங்க."

"ஞாயித்துக்கிழமை கிளம்பணுமே?"

"பஸ் லேட்," என்றார் சிஸ்டர்.

சனிக்கிழமை முதல் சீட்டு மாறியது. கடைசி வரி: "உப்பு நான் போட்டாச்சு. வேறு யாரும் போடக் கூடாது." எழுதினால் போதாது என்று மாமனார் சொன்னார்; எழுத்தை நம்பித்தானே இவ்வளவும் நடந்தது. பையிலிருந்து அந்தத் துளைக்கும் கருவியை எடுத்தார். காலை ஐந்தரைக்குச் சிட்டிகை உப்பு பாத்திரத்தில் விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, சீட்டின் ஓரத்தில் 'டிக்' என்று ஓர் ஓட்டை போட்டார். உப்பு ஜாடி அவருடைய அறைக்குப் போயிற்று.

"ஓட்டை விழுந்தாச்சுன்னா விழுந்தாச்சு," என்று மகனிடமும் பேத்தியிடமும் அறிவித்தார். "அதே டிக்கெட்ல ரெண்டாவது ஆள் ஏற முடியாது."

"தாத்தா, என் தட்டுக்கு மட்டும் கொஞ்சம்..."

"வரிசைல வா."

முதல் நாள் நிஜச் சாம்பாரை அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். சிஸ்டர் ஃபோனில், "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டார்.

"சூடா இருக்கும்மா," என்றார் அவர்.

அன்று பாத்திரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் மல்லியை வழக்கத்தைவிட ஒரு கை கூடுதலாக வறுத்து, புதிதாகப் பொடி திரித்தார். திங்கட்கிழமை சின்ன வெங்காயத்தை நெய்யில் சுருள வதக்கிப் போட்டார். செவ்வாய்க்கிழமை பெருங்காயத்தை ஒரு சுற்று கூட்டினார். மாமனார் ஏப்பம் விட்டு, "பரவால்ல, வண்டி நகருது," என்றார். புதன்கிழமை அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும் என்று மகளுக்குச் சீட்டில் எழுதினார். எத்தனை சொட்டு என்பதையும் எழுதினார். இனி எந்த வரியையும் அவர் பார்த்துக்கொள்ளச் சொல்வதாக இல்லை.

வியாழக்கிழமை காலை கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குழி நிரம்பிவிட்டது.

"பாஸா?" என்றார் மாமனார்.

"பாஸ்."

"அப்ப மத்தியானம் ஒரே ஒரு கல்லு..."

"மாமா!"

அன்று மூன்றரைக்கு வீடு திரும்பியபோது மாமனார் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கினார். சாம்பார்ப் பாத்திரம் வழித்துக் காலியாக இருந்தது.

குளிர்சாதனப் பெட்டிக்கு ஓடி, சீட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே ஓர் ஓட்டைதான். அப்போதும் மனது ஆறவில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

உப்பு இல்லை. நல்லா இருந்தது.