பாய் குரலுக்குப் பேப்பர் கிடையாது

ஓட்டல் கவுண்டரில் நிற்பவளுக்கு இரண்டு காது போதாது, ஒரு வாயே அதிகம். எனக்கோ வாய் பத்து. அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் ஸ்கூல் விட்டதும் ஒரு தமிழ் ஓட்டலில் பில் போடுகிறேன். முதலாளி, மாஸ்டர், கஸ்டமர் எல்லாரையும் அவரவர் குரலிலேயே பேசிக் காட்டுவேன். கவுண்டரில் நின்று திட்டு வாங்கியவர்களே, உங்களுக்குத் தெரியும்: சிரிக்காவிட்டால் அந்த இடத்தில் நிற்க முடியாது.

சுவர் அங்கிள்

சுந்தர் அங்கிள் வாராவாரம் வருவார். ஐடி வேலை. க்ரீன் கார்டுக்காக வரிசையில் நின்றே தலை நரைத்தவர். பார்டரில் பெரிய சுவர், கடைக்குக் கடை வேலையாட்களின் விசா பேப்பருக்குக் கம்ப்யூட்டர் செக், இரண்டும் வந்தால் திருட்டுத்தனமாக ஒரு ஆள் இங்கே இருக்க முடியாது என்று எனக்கு வகுப்பெடுப்பார். அந்த நேரத்தில் உள்ளே அவருக்குப் பரோட்டா வீசிக்கொண்டிருப்பவர் யூசுப் பாய். விசிட்டர் விசாவில் வந்து, அது முடிந்தும் தங்கிவிட்டவர். அங்கிளுக்கு அது தெரியாது. பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஒருத்தனையும் விடக்கூடாதும்மா. ஆனா இந்த மாஸ்டரை மட்டும் விட்டுடாதீங்க!"

வெளியே போகும் வழி

ஓடிப்போய் பாயிடம் அதை அங்கிள் குரலில் அப்படியே ஒப்பித்தேன். மாவுக் கையோடு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் எங்க புள்ள சுவர் ஏறுனேன்? பிளேன்ல சீட்டுல உக்காந்துல்லா வந்தேன். ஏர்போர்ட்ல ஆபீசர் சிரிச்சிக்கிட்டே ஸ்டாம்ப் அடிச்சாரு."

ஊரில், மேலப்பாளையத்தில், அவர் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். இந்த வேலை நிலைத்தால்தான் அது நடக்கும். "நீங்க போகலையா பாய்?" என்றேன். சிரிப்பு நின்றது. போனால் திரும்ப விடமாட்டார்கள். கல்லில் எண்ணெயைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உள்ள வர்றதுக்கு எனக்குச் சுவரே இல்ல புள்ள. வெளிய போறதுக்குத்தான் இருக்கு."

கம்ப்யூட்டர் பிடித்த ஆள்

பக்கத்து ஆபீஸ் ஒன்றுக்குத் தினமும் சாப்பாடு அனுப்பும் கான்ட்ராக்ட் வந்தது. புதிதாகச் சேர்பவர்களைக் கம்ப்யூட்டரில் செக் பண்ண வேண்டும் என்பது அவர்கள் கண்டிஷன். முதலாளி பழனி அங்கிள், அந்த வாரம் சேர்ந்த அமுதா ஆன்ட்டியின் விவரத்தைத் தட்டினார். ஆன்ட்டியிடம் க்ரீன் கார்டே இருக்கிறது. ஆனால் நம் ஆட்களுக்குக் குடும்பப் பேர் ஏது? ஒரு கார்டில் பின்னால் அப்பா பேர், இன்னொன்றில் புருஷன் பேர். பொருந்தவில்லை என்றது கம்ப்யூட்டர். ஆன்ட்டி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். பாய் பழைய ஆள், அவர் பேரை யாரும் அதில் தட்டாததால் அவரை அது தேடவே இல்லை. ஆன்ட்டி ஹேண்ட்பேகைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஒழுங்கா வந்தவளைத்தான்டி இது கண்டுபிடிக்குது!"

நாலு ஊர் தள்ளி

பிறகு, கிச்சனையே பார்க்க வருகிறோம், எல்லாருக்கும் வேலை பார்க்க அனுமதிப் பேப்பர் வேண்டும் என்றார்கள் ஆபீஸ்காரர்கள். பழனி அங்கிள் பாய் முன்னால் போய் நின்றார். பாயே ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார்.

ஊருக்கா போனார்? நாலு ஊர் தள்ளி இன்னொரு கிச்சன். அங்கே இவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சம்பளத்தைப் பற்றி இவரும் கேட்கக் கூடாது. நிக்காஹ் தள்ளிப்போயிற்று. போன் பண்ணி, சுந்தர் அங்கிள் குரலில் "ரெண்டு பரோட்டா!" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "மாப்பிள்ளை வீட்டுல வேற எடம் பாக்காங்களாம் புள்ள" என்றார்.

அதே ருசி

சனிக்கிழமை சுந்தர் அங்கிள் வந்து உள்ளே பார்த்துக் கத்தினார்: "பாய், ரெண்டு பரோட்டா!" பழனி அங்கிள் என் காதில் குனிந்தார். "நீயே கொரல் குடுத்துரு கண்ணு. பாய் இல்லைன்னா இந்த ஆளு வேற கடைக்குப் போயிருவாரு." கிச்சனுக்குள் போய் பாய் குரலில் "போட்டாச்சு தம்பி!" என்றேன். நான் பேசியதிலேயே அச்சு அசலாக வந்த குரல் அதுதான். கிச்சனில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஃப்ரீசரில் இருந்த பாக்கெட் பரோட்டா சூடாகி அவர் டேபிளுக்குப் போனது. அங்கிள் விரலை நக்கிவிட்டுச் சொன்னார்: "பாய் கைய அடிச்சுக்க ஆளே இல்ல. பாரும்மா, முறையா வந்தவங்க முறையா உழைக்கிறாங்க!"

ஆக, சுவர் அங்கேயே நிற்கிறது, செக்கும் ஒழுங்காக நடக்கிறது, எங்கள் கிச்சனில் இப்போது பேப்பர் இல்லாமல் வேலை பார்ப்பது பாயின் குரல் மட்டும்தான்.